வாசல் புல்லுக்கு முப்பது குடம் தண்ணீரா?



சில வாரங்களுக்கு முன் நம் பகுதியில் ஓசூர் வாசகி ஒருவர், "வீட்டு முன்னால் ஆசையாய்ப் புல்தரை போட்டேன். ஐப்பசியில் கண்ணைப் பறிக்கிறது, சித்திரையில் வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது. வருஷம் பூரா நன்றாக வைத்திருக்க வழி உண்டா?" என்று கேட்டிருந்தார். அடுத்த வாரமே இன்னொரு சகோதரி, "குடிக்கத் தண்ணீர் இல்லாத நாட்டில் புல்லுக்குத் தண்ணீர் விடுவது அநியாயம். பேசாமல் சிமெண்ட் போட்டு மூடுங்கள்" என்று சூடாகப் பதில் எழுதியிருந்தார். இரண்டையும் படித்ததிலிருந்து எனக்குக் கை பரபரவென்றிருக்கிறது. ஏனென்றால் இந்த இரண்டு பேரின் கேள்வியும் எங்க வீட்டு வாசலிலேயே பல வருஷமாக நடந்து கொண்டிருக்கிற வழக்கு!

எங்க ஊர் நல்லம்பள்ளி. சேலம் - தருமபுரி நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் ஏறி வந்தால், அதியமான்கோட்டைக்கு முன்னால் வரும். ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். செம்மண் பூமி. மழை என்று பார்த்தால் எங்க மாவட்டத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஆவணியிலிருந்து ஐப்பசிக்குள் கொட்டி முடித்துவிடும். தை பிறந்தால் வைகாசி வரைக்கும் வானத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான். இப்படிப்பட்ட ஊரில், வீட்டுக்கு முன்னால் இருபதடிக்குப் பத்தடி, இருநூறு சதுர அடிப் புல்தரை வைத்திருக்கிறேன். பெரிசு ஒன்றும் இல்லை, ரெண்டு ஜமக்காளம் விரிக்கிற இடம். ஆனால் எங்க அத்தைக்கு முழங்கால் வலி, சாயங்காலம் செருப்பில்லாமல் அதில்தான் நடப்பார். பிள்ளைகள் விழுந்தாலும் முட்டி பேராது. நெடுஞ்சாலைப் புழுதி கொஞ்சம் அடங்கும். எங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை சிமெண்ட் கல் பதித்துவிடலாம் என்று ஆரம்பித்தார். பக்கத்துத் தெருவில் பதித்த வீட்டுக்கு ஒரு சித்திரை மதியம் போய் வந்தவர், அடுப்பு மேலே நடக்கிற மாதிரி இருக்கு என்று அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

முதலில் எந்தப் புல் என்பதைச் சொல்லி விடுகிறேன். பாதிக் கஷ்டம் அங்கேதான். நர்சரிகளில் பாய் மாதிரி சுருட்டி விற்கிறார்களே, கொரியன் புல், மெக்சிகன் புல் என்று, அது பார்க்க மெத்தையாக இருக்கும். எங்க வீட்டுக்காரர் ஒரு மூலைக்கு அதை வாங்கி வந்து விரித்தார். புல்லோடு கோரைக்கிழங்கும் இலவசமாக வந்தது! விற்ற நர்சரிக்காரரைக் கேட்டால், "உங்க மண்ணுல இருந்திருக்கும்மா" என்று ஒரே பதில். மீதி இடத்துக்கு நான் போட்டது நம்ம அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகுதான். வெளிநாட்டில் இதற்கு பெர்முடா புல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவுக்கும் இதற்கும் பிறந்த வீட்டு உறவு கிடையாது, போன இடத்தில் பரவிப் பெயர் வாங்கியதுதான். கிரிக்கெட் மைதானங்களில்கூட இதன் வம்சம்தான் நிறைய இருக்கிறது.

அருகம்புல் போடுவதற்குக் காசு வேண்டாம், இடுப்பு வலிதான் வேண்டும். மண்ணை ஒரு அடி ஆழம் கொத்தி, கல், கோரைக்கிழங்கு, வேர் எல்லாவற்றையும் பொறுக்கி, மட்டம் பண்ணி, தண்ணீர் தெளித்து ரெண்டு வாரம் சும்மா விட்டுவிடுங்கள். மண்ணுக்குள் தூங்குகிற களை விதையெல்லாம் முளைக்கும். பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் ஒரு முறை இதையே செய்யுங்கள். அதற்கப்புறம் வயல் வரப்பிலிருந்து அருகம்புல்லைக் கணு கணுவாக நறுக்கி, சாணி, செம்மண், தண்ணீர் சேர்த்துக் கெட்டியாகக் கரைத்து, தரையில் ஒரு அங்குல கனத்துக்குப் பூசிவிடலாம். வாசலுக்குச் சாணி மெழுகத் தெரிந்த நமக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? மேலே வைக்கோலை லேசாகப் பரப்பி ஈரம் காயாமல் பார்த்துக் கொண்டால் ரெண்டு மூணு வாரத்தில் துளிர் தெரியும். தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஆடி கடைசி, ஆவணி மழையோடு போட்டால் குடம் தூக்குகிற வேலை பாதியாகக் குறையும்.

மரத்தடியில் மட்டும் அருகு வராது. அதற்குத் தினம் ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். எங்க வேப்ப மரத்துக்குக் கீழே எவ்வளவு போட்டாலும் சொட்டையாகத்தான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு கல் பெஞ்சு போட்டாச்சு. மரத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கப் பொய்த்தது ஞாபகம் இருக்கும். வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் எங்க தெருவில் போர் ஒவ்வொன்றாக இருமத் தொடங்கியது. எங்க வீட்டுப் போரில் மட்டும் எப்படியோ காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தது. ஒரு நாள் ஹோஸ் பிடித்துப் புல்லுக்கு விட்டுக் கொண்டிருந்தபோது, எதிர் வீட்டு அக்கா ரெண்டு பிளாஸ்டிக் குடத்தோடு நின்று, "ஏம்மா, நாங்க தண்ணிக்கு அலையறோம், நீ புல்லுக்கு ஊத்திக்கிட்டு நிக்கறியே, இது தின்னுமா உங்க வீட்டுல யாராச்சும்?" என்றார். அவருக்கு ஒரு கறவை மாடு, ஒரு கன்று. அன்றைக்கு ரெண்டுக்கும் தண்ணீர் காட்ட முடியாமல் நின்றார். அவருக்கு ரெண்டு குடம் பிடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பிள்ளையின் நோட்டில் கணக்குப் போட்டேன்.

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். எங்க இருநூறு சதுர அடி என்பது பத்தொன்பது சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கோடையில் புல் பச்சையாகவே இருக்க வாரத்துக்கு ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் வேண்டும். பெருக்கினால் ஏறக்குறைய 465 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தால் முப்பத்தோரு குடம். ஒரு வாரத்துக்கு! மாசத்துக்கு நூற்றிருபதுக்கும் மேலே. இவ்வளவு குடத்தையும் தலையில் சுமந்து வந்து ஊற்றச் சொன்னால் நாம் யாராவது புல் வளர்ப்போமா? ஹோஸில் வருவதால் கணக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அதே புல்லை உயிரோடு மட்டும் வைத்திருக்க எவ்வளவு வேண்டும் தெரியுமா? மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை அரை அங்குலம் போதும். மாசத்துக்குப் பதினைந்து பதினாறு குடம்தான். இதுதான் அருகம்புல்லின் சூட்சுமம். தண்ணீர் நின்றால் அது மேலே உள்ள இலையைக் காயவிட்டு, மண்ணுக்குள் ஓடுகிற தண்டில் உயிரை வைத்துக் கொண்டு தூங்கப் போய்விடும். காய்ந்த புல்லும் செத்த புல்லும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு கொத்து பிடுங்கி அடித்தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, விறைப்பாக இருந்தால் தூங்குகிறது. பழுப்பாகி நொறுங்கினால்தான் போனது.

அன்றைக்கே ஹோஸைச் சுருட்டி வைத்தேன். வாரத்தில் மூணு நாள் காலை எங்க போரில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு எதிர் வீட்டு மாட்டுக்கு என்று ஆனது. அத்தைக்குத்தான் வருத்தம், "நடக்க முள்ளு மாதிரி குத்துதும்மா" என்பார். வைகாசிக்குள் வாசல் பூரா மண் நிறம். பார்த்தவர்கள் எல்லாம், போச்சு, இனி சிமெண்ட்தான் என்றார்கள். ஆவணி, புரட்டாசியில் மழை பிடித்தது. பதினைந்தே நாள்! அருகு போட்ட இடம் அத்தனையும் துளிர்த்துக் கொண்டது. பாய் விரித்த மெக்சிகன் புல் மூலைதான் எழுந்திருக்கவே இல்லை. அதில் வந்த கோரை மட்டும் ஜம்மென்று முளைத்தது. அதை என்னவென்று சொல்ல! கல்யாண வீட்டில் பெரியவர்கள் அருகு போல் வேரோடி வாழணும் என்று வாழ்த்துகிறார்களே, அந்த ஆவணியில்தான் எனக்கு அதன் அர்த்தம் முழுசாகப் புரிந்தது.

ஆகவே ஓசூர் சகோதரிக்கு என் பதில்: வருஷம் பூரா நன்றாக இருப்பது வேறு, வருஷம் பூரா பச்சையாக இருப்பது வேறு. இந்தப் பன்னிரண்டு மாசப் பச்சை என்கிற ஆசை, மாசாமாசம் மழை தூறுகிற இங்கிலாந்திலிருந்து வந்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் புல்வெளி அப்படி இருக்கிறது என்றால் அந்த மலையின் குளிரும் மழையும் அப்படி. அமெரிக்காவிலேயே கலிஃபோர்னியாவில் 2015 வறட்சியில் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்கச் சொல்லி கவர்னர் உத்தரவு போட்டதும், பணக்கார வீட்டு வாசல்களெல்லாம் பழுப்பாகின. நெவாடா மாநிலம் 2021-ல் சட்டமே போட்டது. லாஸ் வேகாஸ் பக்கம் சாலை நடுவிலும் கடை வாசலிலும் அழகுக்காக வைத்த புல்லுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது. வீட்டுப் புல்லுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களே இப்படி என்றால் நாம் சித்திரையில் புல் காய்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சிமெண்ட் போடச் சொன்ன சகோதரிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிமெண்ட் போட்ட வாசலில் விழுகிற மழை சாக்கடைக்குத்தான் போகிறது. புல்தரையில் விழுந்தால் மண்ணுக்குள் இறங்குகிறது. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது பல வீட்டில் பேருக்கு ஒரு குழாயை நட்டு வைத்தார்கள். எங்க மொட்டை மாடி அறுநூறு சதுர அடி. 850 மில்லிமீட்டர் மழையில் ஆவியாகிறது, வழிகிறது போக வருஷத்துக்கு முப்பத்தைந்தாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். அதைப் போர் பக்கத்தில் ஜல்லி நிரப்பிய குழிக்கு விட்டிருக்கிறோம். புல்லுக்கு நான் எடுக்கிறதைப் போல எத்தனையோ மடங்கு பூமிக்குத் திரும்பிப் போகிறது.

எந்தத் தண்ணீரைப் புல்லுக்கு விடுவது என்பதும் எங்க ஜில்லாவில் பெரிய விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்று எல்லாருக்கும் தெரியும். குடிதண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் ஒன்றரை வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு, மூட்டுத் தொந்தரவு. என் வயசுப் பெண்கள் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தே பழகியவர்கள்! அதற்காகத்தான் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டு வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். அதில் ஒரு சொம்புகூட நான் புல்லுக்கு ஊற்ற மாட்டேன். போர்த் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு புல்லை ஒன்றும் செய்யாது, அதைப் புல்லுக்கு விடுங்கள்.

ஆனால் அந்தப் போர்த் தண்ணீரில் உப்பும் காரமும் சேர்ந்திருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். தண்ணீர் விடுவோம், யூரியா போடுவோம், அப்படியும் புது இலை வெளிறிப்போய் மஞ்சளாகவே வரும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் காரத்தால் வேருக்குக் கிடைக்காமல் போவதுதான் காரணம். உரக்கடையில் அன்னபேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் ஒரு வாரத்தில் நிறம் திரும்பும். சிமெண்ட் தரையிலோ வெள்ளைச் சுவரிலோ பட்டால் துருக் கறை பிடித்துவிடும், ஜாக்கிரதை. சந்தேகமாக இருந்தால் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எங்க மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையம் இருக்கிறது. உங்க மாவட்டத்திலும் இப்படி ஒன்று இருக்கும்.

அரிசி கழுவின தண்ணீர், காய் கழுவின தண்ணீர் தாராளமாக விடலாம். குளித்த தண்ணீரை இடம் மாற்றி மாற்றி விடலாம். வாஷிங் மெஷின் தண்ணீர் மட்டும் தினமும் வேண்டாம், சோப்புத் தூளில் உள்ள சோடியம் மண்ணைக் களிமண் ஓடு மாதிரி இறுக்கிவிடும். ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்கள் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடுகிறார்கள். உப்பும் ஃபுளோரைடும் செறிந்து வருவது அதில்தான். வீடு துடைக்க, கக்கூஸ் கழுவ வைத்துக் கொள்ளுங்கள்.

மழைக்காலத்திலும் அதற்குப் பின்னும், மார்கழி வரைக்கும், தண்ணீர் எப்போது வேண்டும் என்று புல்லே சொல்லும். நடந்து பாருங்கள். மிதித்த புல் உடனே நிமிர்ந்தால் வேண்டாம். கால் தடம் அப்படியே பதிந்து நின்று, நிறமும் பச்சையிலிருந்து சாம்பல் கலந்த நீலமாக மாறினால் அன்று விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பது கெடுதல். வேர் மேலேயே நின்றுவிடும், முதல் வெயிலுக்கே வாடும். விடுகிற நாளில் நன்றாக விட வேண்டும். பழைய குடைக் கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள், அரை அடி சுலபமாக இறங்கினால் போதும், நிறுத்திவிடலாம். விடிகாலைதான் நல்ல நேரம்.

வெட்டுவதற்கு எங்க வீட்டில் மெஷின் இல்லை. வேலி வெட்டுகிற பெரிய கத்தரிதான். சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தீட்டிக் கொள்கிறேன், மழுங்கின கத்தரியால் வெட்டினால் நுனி கிழிந்து வெளுத்துப் போகும். புல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். மாசி பிறந்ததும் ரெண்டு அங்குலமாக வளரவிடுங்கள், புல்லே மண்ணுக்கு நிழல் கொடுத்துக் கொள்ளும். வெட்டின துணுக்குகளைக் கொஞ்சம் அங்கேயே விட்டால் மக்கி உரமாகும். மீதி எங்க எதிர் வீட்டுக் கன்றுக்கு. இதில் ஒரு நிபந்தனை உண்டு: மருந்து தெளித்த புல்லை மாட்டுக்குப் போடக்கூடாது. அதனாலேயே நான் களைக்கொல்லி வாங்குவதில்லை. வாக்கிங் போகிறவர்கள் சிலர் அருகம்புல் சாறு குடிக்க என்று கேட்டு வருவார்கள். தெரு நாய் வந்து போகிற வாசல்ங்க, வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

நாய் என்றதும் ஞாபகம் வருகிறது. நடுவில் மஞ்சள், சுற்றி கரும்பச்சை வளையம் என்று வட்ட வட்டமாக இருந்தால் அது நோயில்லை, நாய் மூத்திரம்தான். பார்த்த உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கருகாது.

எரு விஷயத்தில் எங்க ஊருக்குக் குறையே இல்லை, சந்தை புண்ணியத்தில் ஆட்டு எரு நிறையக் கிடைக்கும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார் எங்க மாமா, அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் பச்சைப் புழுக்கையை அப்படியே போட்டால் புல்லுக்கு நடுவே சீமைக்கருவேல முள் முளைக்கும்! ஆடு அந்தக் காயைத் தின்னும், விதை வயிற்றில் செரிக்காமல் வெளியே வரும். குவித்து, ஈரம் காட்டி, மூடி, மூணு மாசம் மக்கவிட்டு, சலித்த பிறகே போட வேண்டும். அக்னி நட்சத்திரம் முடிந்து முதல் மழை விழுந்ததும், காய்ந்த சருகையெல்லாம் வாரி எடுத்துவிட்டு, சலித்த செம்மண், மணல், மக்கின எரு மூன்றையும் கலந்து கால் அங்குலத்துக்குத் தூவி, தென்னை விளக்குமாற்றால் தள்ளிவிடுவேன். பள்ளம் மேடு சரியாகும். யூரியா போடுகிறவர்கள் இருநூறு சதுர அடிக்கு 100 கிராம், உலர்ந்த மணலில் கலந்து, இலையில் ஈரமில்லாத நேரம் தூவி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஆனியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று, அவ்வளவே. தூங்குகிற புல்லுக்குக் கோடையில் யூரியா போட்டு எழுப்பாதீர்கள்.

களையில் பார்த்தீனியம்தான் பொல்லாதது. 1950களில் பூனா பக்கம் கண்ணில் பட்டதாம், இப்போது அது இல்லாத தெரு ஏது? பூ வைக்கும் முன்னால், கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், மூச்சுத் திணறலும் வரும். கோரைக்கு நான் கண்ட ஒரே வழி, மழை ஈரத்தில் பழைய ஸ்க்ரூ டிரைவரால் கிழங்கோடு தோண்டுவதுதான். டிவி சீரியல் போடுகிற நேரத்தில் தினமும் பத்து என்று கணக்கு வைத்தேன், ரெண்டு வருஷத்தில் அடங்கியது.

ஆடி, ஆவணியில் புல் திட்டுத் திட்டாகக் காய்ந்து, இழுத்தால் பாய் மாதிரி கையோடு வந்தால், தண்ணீர் குறைவு என்று நினைத்துக் கொள்ளாதீர்கள். கீழே வெள்ளைப் புழு வேரைத் தின்று கொண்டிருக்கும். நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இதை நன்றாகத் தெரியும். மைனாவும் காக்காயும் ஒரே இடத்தைக் கொத்துவதும் அடையாளம். தோண்டிப் பொறுக்கிக் கோழிக்குப் போடலாம். கோடை மழைக்கு ராத்திரியில் வேப்ப மரத்தில் வந்து மொய்க்கிற வண்டுதான் இதற்குத் தாய். அப்போது மரத்தை உலுக்கிக் கீழே விழுவதைப் பொறுக்கினால் புழு குறையும். வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ தூள் பண்ணி மழைக்கு முன் தூவி வைப்பேன், கரையானுக்கும் அது ஆகாது.

மார்கழிப் பனியில் எங்க பக்கம் நன்றாகவே குளிரும், புல் வளர்ச்சி குறையும், நுனி லேசாகப் பழுக்கும். அதற்கு வைத்தியம் வேண்டாம். வெட்டுவதை நிறுத்திவிட்டு வாசலில் பெரிய கோலமாகப் போடுங்கள்.

எதிர் வீட்டு அக்காவைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது மாடு ரெண்டு, கன்று ரெண்டு. மழைக்காலத்தில் நான் வெட்ட நேரம் தவறினால், "ஏம்மா, கத்தரி துரு பிடிச்சுப் போச்சா?" என்று அவரே குரல் கொடுப்பார். பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அருகம்புல் பறிக்க எங்க வாசலுக்குத்தான் வருகிறார்கள். மிதித்துத் துவைத்துவிட்டுப் போவார்கள், ரெண்டே நாளில் எழுந்துவிடும்.

ஓசூர் சகோதரி, உங்க புல் என்ன ரகம், வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது, போர்த் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று எழுதுங்கள். மெக்சிகன் புல்லைக் கோடையில் காப்பாற்றிய வாசகிகள் யாராவது இருந்தால், எத்தனை குடம் செலவானது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

- ஒரு வாசகி, நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.